தரையில் ஒளிர்வது பாஸ்பரஸ் இல்லை

முதலில் மாறியது சத்தம்தான். நடு இரவில் எங்கள் நாய் மணி எழுந்து தண்ணீர்க் கிண்ணத்தை நோக்கிப் போவான். நாக்கால் தண்ணீரை அள்ளும் சளக் சளக் சத்தம் நிற்காமல் கேட்கும். அப்போது அவனுக்கு 13 வயது முடிந்திருந்தது. வயதான நாய், தாகம் எடுக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

சில வாரங்களில் வீட்டுக்குள் ஒரு வாடை வர ஆரம்பித்தது. எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லை. காலையில் தரை காய்ந்திருக்கும், கறை எதுவும் கண்ணில் படாது. நானும் அம்மாவும் மூலை மூலையாக முகர்ந்து, துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தோம். குட்டியாக இருந்தபோது இரண்டே வாரத்தில் வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கப் பழகியவன் மணி. அதன்பிறகு ஒருநாள் கூட வீட்டுக்குள் போனதில்லை. அதனால் எனக்கு அவன்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

நண்பர் ஒருவர் புற ஊதா டார்ச் ஒன்றைக் கொடுத்தார். அன்றிரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுக் கூடத்தில் அதை எரியவிட்டேன். காலடியில் ஒரு திட்டு வெளிறிய மஞ்சளாக எழுந்து வந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று, கொஞ்சம் நீலம் கலந்தது. அப்புறம் சின்னச் சின்னப் புள்ளிகள். அவற்றின் போக்கிலேயே டார்ச்சை நகர்த்தினேன். மணியின் படுக்கையில் தொடங்கி, கூடத்தைக் கடந்து, வாசல் கதவில் போய் முடிந்தன. கதவுக்கு முன்னால்தான் மிகப் பெரிய திட்டு.

அவன் ஒவ்வொரு இரவும் கதவு வரை வந்திருக்கிறான். கதவு திறக்கவில்லை.

அந்த இரவு என்னால் தூங்க முடியவில்லை. ஏன் இது ஒளிர்கிறது என்ற கேள்வி அப்போதுதான் மனசில் விழுந்தது. டார்ச் வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே பதில் அச்சிட்டிருந்தது: சிறுநீரில் உள்ள பாஸ்பரஸ் புற ஊதா ஒளியில் ஒளிர்கிறது. தேடிப் பார்த்தால் எங்கும் இதே வாக்கியம்தான். நானும் நம்பினேன், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். அது தவறு என்று புரிய இரண்டு மாதம் ஆனது.

அந்தத் தவறு எங்கிருந்து வந்தது என்பதை ஊகிக்க முடிகிறது. 1669-இல் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி, தங்கம் செய்யும் வழியைத் தேடி, ஏராளமான மனிதச் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியதைக் கடும் சூட்டில் வைத்தார். தங்கம் வரவில்லை. இருட்டில் தானே ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள் வந்தது. 'ஒளியைச் சுமப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பாஸ்பரஸ் என்று பெயர் வந்தது. சிறுநீர், பாஸ்பரஸ், ஒளி, மூன்றும் ஒரே கதையில் இருக்கின்றன. அப்படியே மனசில் ஒட்டிக்கொள்வதில் வியப்பில்லை.

ஆனால் பிராண்டின் பாஸ்பரஸ் ஒளிர்ந்தது காற்றில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்ததால். அதற்கு டார்ச் தேவையே இல்லை. சிறுநீரில் இருப்பதோ தனிப் பாஸ்பரஸ் அல்ல, பாஸ்பேட் உப்பு. ஆக்சிஜனோடு ஏற்கெனவே முழுதாகச் சேர்ந்து அடங்கிவிட்ட வடிவம் அது. பாஸ்பேட் புற ஊதா டார்ச்சின் ஒளியை உறிஞ்சுவதும் இல்லை, திருப்பி உமிழ்வதும் இல்லை. உங்களிடம் டார்ச் இருந்தால் நீங்களே சோதிக்கலாம். கறையின் மேல் அடித்துவிட்டுச் சட்டென்று அணையுங்கள். ஒளிர்வு அந்தக் கணமே போய்விடும். தானே எரியும் வெளிச்சமாக இருந்தால் அப்படிப் போகாது.

டார்ச்சோடு வந்து டார்ச்சோடு போகும் இந்த வகை ஒளிர்வை முதலில் ஒழுங்காகப் புரிந்துகொண்டவர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1852-இல் அவர் செய்த சோதனை எளிமையானது. சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து, குவினைன் கரைசல் நிரப்பிய குழாயை அந்த நிறங்களின் ஊடே மெல்ல நகர்த்தினார். சிவப்பில் ஒன்றும் நடக்கவில்லை. பச்சையிலும் இல்லை. ஊதாவையும் தாண்டி, கண்ணுக்கு வெறும் இருட்டாகத் தெரிந்த பகுதிக்குள் குழாய் போனபோது கரைசல் நீலமாக ஒளிர்ந்தது. காணமுடியாத ஒளி உள்ளே போய், காணக்கூடிய ஒளியாக வெளியே வருகிறது என்று அவர் கண்டுகொண்டார். ஃபுளோரைட் என்ற கனிமமும் இப்படி ஒளிர்வதால், அதன் பெயரிலிருந்து ஃபுளோரசன்ஸ் என்ற சொல்லை உருவாக்கினார்.

உள்ளே நடப்பது இதுதான். புற ஊதா ஒளியின் ஒரு துகள் மூலக்கூறில் மோதும்போது அதிலுள்ள ஓர் எலக்ட்ரான் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு மேல்நிலைக்கு எழும்புகிறது. அங்கே நிலைத்திருக்க முடியாது. மூலக்கூறு அதிர்ந்து அதிர்ந்து கொஞ்சம் ஆற்றலை வெப்பமாக இழக்கிறது. மிச்சத்தை ஒளியாக உமிழ்ந்துவிட்டு எலக்ட்ரான் கீழே இறங்குகிறது. வாங்கியதைவிடக் கொடுப்பது குறைவு. அதனால் வெளிவரும் ஒளியின் அலைநீளம் கூடுகிறது, புற ஊதா நீலமாகவோ பச்சையாகவோ மாறுகிறது. இத்தனையும் சில நானோநொடிகளில் முடிந்துவிடும்.

எல்லா மூலக்கூறுக்கும் இது கைகூடாது. பெரும்பாலானவை வாங்கிய ஆற்றலை முழுவதும் வெப்பமாகவே உதறிவிடும். தட்டையான வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அசைய அதிகம் இடமில்லாமல் விறைப்பாக இருக்கும் மூலக்கூறுகள்தான் ஒளிர்வதில் தேர்ந்தவை. சிறுநீரில் தண்ணீருக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது யூரியா. அதில் வளையமே கிடையாது, ஒளிராது. உப்பும் ஒளிராது. அப்படியானால் எது?

ஒரே ஒரு பொருள் என்று சொல்ல முடியாது. சிறுநீர் என்பது உடல் பயன்படுத்தி முடித்தவற்றின் கரைசல். அதில் வளையம் உள்ள கழிவுகள் பல உண்டு, ஒவ்வொன்றும் மிகச் சிறிய அளவில். ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2 மிஞ்சினால் அப்படியே வெளியேறும், மஞ்சள் கலந்த பச்சையில் ஒளிரும். வைட்டமின் பி6 உடைந்து வரும் 4-பிரிடாக்ஸிக் அமிலம் நீலத்தில் ஒளிரும். டெரின் என்றொரு குடும்பமும் நீலம். அந்தக் குடும்பத்தின் பெயர் சிறகு என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஏனென்றால் அவற்றை முதலில் ஆராய்ந்தது பட்டாம்பூச்சிச் சிறகின் நிறமிகளாக. 1889-இல் மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் சிறகு நிறத்தைப் பற்றி எழுதியவர் ஃபிரெடெரிக் கௌலண்ட் ஹாப்கின்ஸ். பயோடெரின் என்ற உறுப்பினரைப் பின்னாளில் மனிதச் சிறுநீரிலிருந்தே பிரித்தெடுத்தார்கள். பட்டாம்பூச்சிச் சிறகில் இருப்பதற்கு உறவான ஒன்று என் வீட்டுத் தரையில் கிடந்தது என்று படித்த அன்று, டார்ச்சை எடுத்துக்கொண்டு மறுபடியும் கூடத்துக்குப் போனேன்.

அதே ஹாப்கின்ஸ் 1901-இல் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்தையும் கண்டுபிடித்தார். நாம் சாப்பிடும் பெரும்பாலான புரதங்களில் டிரிப்டோபான் கொஞ்சம் இருக்கும். உடல் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை உடைக்கிறது. அந்த உடைப்பில் பெரும்பகுதி நடக்கும் பாதைக்குக் கைனுரெனின் பாதை என்று பெயர். அதன் கிளைகளில் கைனுரெனிக் அமிலம், சாந்துரெனிக் அமிலம் என வளையம் பூண்ட பொருள்கள் வரிசையாக வருகின்றன. புற ஊதாவை உறிஞ்சுவதில் அவை எல்லாம் கெட்டி. ஒளிர்வதில் சில வலுவானவை, சில மங்கலானவை. ஒளிரும் சிறுநீரில் இவற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

கைனுரெனிக் என்ற அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். கிரேக்கத்தில் கியோன் என்றால் நாய். ஊரோன் என்றால் சிறுநீர். 1853-இல், ஸ்டோக்ஸ் தன் சோதனையை வெளியிட்டதற்கு மறு ஆண்டு, வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் இந்த அமிலத்தை நாயின் சிறுநீரில் கண்டெடுத்தார். அதனால்தான் அந்தப் பெயர். அது டிரிப்டோபானிலிருந்து வருகிறது என்று 1904-இல் அலெக்சாண்டர் எல்லிங்கர் காட்டியதும் நாய்களுக்கு டிரிப்டோபானைக் கொடுத்துப் பார்த்துத்தான். இன்று நரம்பியல், மனச்சோர்வு, நோயெதிர்ப்பு என்று எத்தனையோ ஆய்வுகளில் கைனுரெனின் என்ற சொல் புழங்குகிறது. ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு நாயின் சிறுநீர் பெயரளவில் இருந்துகொண்டே இருக்கிறது.

எனக்கு இதைவிடப் பெரிய வியப்பு வேறிடத்தில் காத்திருந்தது. புற ஊதா ஒளி நம் கண்ணுக்கு ஏன் தெரிவதில்லை? விழித்திரைக்கு உணரத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒளி விழித்திரையை அடைவதற்கு முன்பே நம் கண்ணின் லென்ஸ் புற ஊதாவில் பெரும்பகுதியை வடிகட்டிவிடுகிறது. லென்ஸ் எடுக்கப்பட்டு, புற ஊதாவைத் தடுக்கும் செயற்கை லென்ஸும் பொருத்தப்படாதவர்களுக்கு அருகிலுள்ள புற ஊதா வெளிறிய நீலமாகத் தெரியும். அந்த வடிகட்டியாக நம் லென்ஸுக்குள் இருக்கும் முக்கியமான பொருள் எது என்றால், 3-ஹைட்ராக்ஸிகைனுரெனின் குளுகோசைடு. அதுவும் டிரிப்டோபானிலிருந்து, கைனுரெனின் வழியாக வந்ததுதான்.

அதாவது, புற ஊதாவைப் பார்க்கவிடாமல் நம் கண்ணில் நிற்கும் பொருளும், அதே புற ஊதாவை வாங்கி நாயின் கறையில் மங்கலாக ஒளிரும் சில பொருள்களும் பங்காளிகள். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றே: புற ஊதாவை உறிஞ்சுவது. இதைப் படித்துவிட்டு வெகுநேரம் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். “அப்ப அவன் கண்ணுல அது இல்லையா?” என்று கேட்டார். சரியான கேள்வி.

பெரும்பாலும் இல்லை. 2014-இல் ரொனால்ட் டக்ளஸ், கிளென் ஜெஃப்ரி இருவரும் 38 பாலூட்டி இனங்களின் கண்களை அளந்து வெளியிட்டார்கள். நாய், பூனை இரண்டின் லென்ஸும் புற ஊதாவைக் கணிசமாக உள்ளே விடுகின்றன. ஆகவே மணிக்கு என் டார்ச், எனக்குத் தெரிந்ததைவிடப் பிரகாசமாகத் தெரிந்திருக்கலாம். நீலத்தை உணரும் கூம்பணுக்களும் நாய்க்கு உண்டு, ஆகையால் தரையின் நீல ஒளிர்வும் தெரிந்திருக்கும். அதற்கு அவன் என்ன பொருள் கண்டான் என்பது வேறு விஷயம். அவனுக்கு மூக்கு சொல்வதே போதும்.

விலங்குகள் இந்த ஒளியைப் பயன்படுத்துகின்றனவா என்பதில் ஓர் அழகான கதை இருந்தது. வயல் எலிகள் போகும் வழியெல்லாம் சிறுநீர்த் தடம் விடும், அது புற ஊதாவில் தெரியும், வானத்தில் நின்று பறக்கும் வல்லூறு அதைப் பார்த்து எலி எங்கே அதிகம் என்று கணிக்கும் என்று 1995-இல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. பள்ளிப் புத்தகத்தில் போடத் தகுந்த கதை. ஆனால் 2013-இல் ஓலே லிண்டும் குழுவினரும் வேட்டைப் பறவைகளின் கண்களையே அளந்து பார்த்தபோது, அவற்றின் கண் புற ஊதாவை மிகக் குறைவாகவே உள்ளே விடுவதும், எலியின் சிறுநீர் சுற்றுப்புறத்திலிருந்து அவ்வளவு தனித்துத் தெரியாது என்பதும் வெளிப்பட்டன. கதை எனக்குப் பிடித்திருந்தது. விட்டுவிட வேண்டியதாயிற்று.

இனி, இதே பிரச்சினையோடு இருட்டில் தவழ்ந்துகொண்டிருப்பவர்களுக்குச் சில விஷயங்கள்.

டார்ச் வாங்கினால் அலைநீளம் 365 நானோமீட்டர் என்று போட்டதை வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் 395. அவை ஊதா வெளிச்சத்தையும் சேர்த்துக் கொட்டுகின்றன. அந்த ஊதாவிலேயே மங்கலான கறை மூழ்கிவிடும். முதலில் எனக்குக் கிடைத்தது 395-தான். 365 வந்தபிறகு, துடைத்துவிட்டோம் என்று நம்பிய இடங்களில் இன்னும் பாதி மிச்சம் இருப்பது தெரிந்தது. டார்ச்சின் முகப்பில் கறுப்புக் கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. காணும் ஒளியைத் தடுத்துப் புற ஊதாவை மட்டும் விடும் இத்தகைய கண்ணாடியை உருவாக்கியவர் ராபர்ட் வில்லியம்ஸ் உட் என்ற இயற்பியலாளர். தோல் மருத்துவர்களும் கால்நடை மருத்துவர்களும் பயன்படுத்தும் விளக்குக்கு இன்றும் உட் விளக்கு என்றுதான் பெயர். பூனை, நாய்களின் படர்தாமரையில் ஒருவகைப் பூஞ்சை ரோமத்தில் பச்சையாக ஒளிர்வதை அதில் பார்ப்பார்கள்.

யாருடைய கண்ணிலும் அடிக்காதீர்கள், உங்கள் வளர்ப்பு விலங்கின் கண்ணிலும் அடிக்காதீர்கள். அவற்றின் லென்ஸ் உள்ளே விட்டுவிடும் என்று மேலே சொன்னேனே, அதனால் இன்னும் கவனம் வேண்டும்.

ஒளிர்வதெல்லாம் சிறுநீர் அல்ல. சலவைத் தூளில் துணியை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் பொருள் பளீரென்று நீல வெள்ளையில் ஒளிரும். வெள்ளைக் காகிதம், நகம், பல், எச்சில் எல்லாம் ஒளிரும். சிறுநீர்க் கறை பொதுவாக அவ்வளவு பளீரென்று இருக்காது. அதன் விளிம்பு நடுவைவிடப் பிரகாசமாக இருக்கும். காயும்போது ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாக, நடுவிலிருந்து நீர் ஓரத்தை நோக்கி ஓடும், கரைந்திருப்பதையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே படியவிடும். அந்த வளையத்தைப் பார்க்கப் பழகிவிட்டால் பிறகு தவறு குறையும். கடைசியில் மூக்கை வைத்துப் பார்த்துவிடுவதே உறுதி.

சுத்தம் செய்ய நொதி கலந்த திரவம் நல்லது. ஊற்றிவிட்டு நேரம் கொடுக்க வேண்டும், உடனே துடைத்தால் பயனில்லை. பிளீச் மட்டும் வேண்டவே வேண்டாம். பழைய சிறுநீரில் யூரியா உடைந்து அம்மோனியா வந்திருக்கும், பிளீச்சோடு சேர்ந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் குளோரமின் வாயு உண்டாகும். யூரிக் அமிலப் படிகம்தான் நாய், பூனை வாடைக்குக் காரணம் என்று பல புட்டிகளில் எழுதியிருக்கும். அதையும் அப்படியே ஏற்க வேண்டாம். மனிதரும் வாலில்லாக் குரங்குகளும் இழந்துவிட்ட ஒரு நொதி நாய்க்கும் பூனைக்கும் இருக்கிறது, அது யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் அலன்டாயினாக மாற்றிவிடும். டால்மேஷியன் நாய்கள் இதில் விதிவிலக்கு. வாடை போன பிறகும் டார்ச்சில் மங்கலாக ஏதாவது தெரிந்தால் பயப்படாதீர்கள். ஒளிர்பவை வேறு, நாறுபவை வேறு. ஒன்று போனால் மற்றதும் போக வேண்டும் என்றில்லை.

மணியிடம் திரும்புகிறேன். 365 டார்ச்சில் வாரக்கணக்கில் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. புதிய கறைகள் பழையவற்றைவிடப் பெரிதாக இருந்தன, ஆனால் மங்கலாக. விளிம்பு வளையம் கூட மெல்லியதாகத்தான் இருந்தது. டாக்டரிடம் போனபோது இதைச் சொல்லத் தயங்கினேன். சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: “தண்ணி நிறைய குடிக்கிறானா?”

ஒளிர்வைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று அவர் தெளிவாகச் சொன்னார். அதை நானும் அப்படியே சொல்கிறேன், தரை, வெளிச்சம், காய்ந்த நேரம் எல்லாம் அதை மாற்றும். அவர் ஒரு துளிச் சிறுநீரை ஒளிவிலகல்மானியில் வைத்துப் பார்த்தார். ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, 1.010. சிறுநீரகம் நீரைச் செறிவாக்கவும் இல்லை, நீர்க்கச் செய்யவும் இல்லை, இரத்தத்தில் வந்ததை ஏறக்குறைய அதே அடர்த்தியில் விடுகிறது என்று பொருள். செறிவாக்கும் திறன் இப்படிப் போவதற்குள் சிறுநீரகத்தின் செயல்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு போயிருக்கும் என்று விளக்கினார். இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. அதே அளவு கழிவு, பல மடங்கு தண்ணீரில். மங்கலான பெரிய கறைக்குக் காரணம் அதுவாக இருந்திருக்கலாம்.

உணவு மாறியது, மருந்து வந்தது. தண்ணீரைக் குறைக்கவே கூடாது என்றார் டாக்டர். அதனால் கிண்ணம் இரண்டானது. நான் இரவு 2 மணிக்கு அலாரம் வைத்தேன். அலாரம் அடிக்கும்போது அவன் பெரும்பாலும் ஏற்கெனவே கதவருகே நின்றுகொண்டிருப்பான்.

ஓர் இரவு டார்ச்சையும் எடுத்துக்கொண்டு அவனோடு வெளியே போனேன். புல்லின் மேல் அடித்தால் இலைகளெல்லாம் கருஞ்சிவப்பாகத் தெரிந்தன. பச்சையம் புற ஊதாவில் சிவப்பாக ஒளிரும் என்று படித்திருந்தேன், பார்த்தது அன்றுதான். மணி வேலியோரம் நின்று நிதானமாக முடித்தான். அந்த இடத்தில் அடித்துப் பார்த்தேன். ஈரம் மினுங்கியது, அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவன் சிவப்புப் புல்லில் மூக்கை வைத்துச் சற்று நேரம் நின்றுவிட்டு, எனக்கு முன்னால் நடந்து கதவருகே போய்க் காத்திருந்தான்.